சாவியை எடுத்தால் பேசும் வண்டி

டிசம்பர் 8, ஞாயிறு

இந்த நாட்குறிப்பில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை வெள்ளப்பாறைப் புதூர் மாரியம்மன் மேலும், என் கடையில் தொங்கும் சோதனை விளக்கின் மேலும், ஒரே ஒரு ஹாரன் அடித்து மூன்று மைலுக்கு அப்பால் இரண்டு கோழிகளை ஒரே நேரத்தில் முட்டையிட வைத்த என் வலது கையின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன். நம்பாதவர்கள் இப்போதே மூடிவைத்துவிட்டுப் போகலாம். நம்புகிறவர்கள் டாக்டரைப் பார்க்கலாம்.

நான் அர்த்தநாரி. ஆட்டோ எலக்ட்ரீசியன். நாற்பத்தொரு வருட அனுபவம். நான் வயர் போட்ட லாரிகளை எல்லாம் ராசிபுரத்தில் ஒரே வரிசையில் நிறுத்தி விளக்கைப் போட்டால் சூரியன் ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்ளலாம்.

இன்று காலை என் தங்கை மகள் பிரபாவதி வந்தாள். மூன்றாவது வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கிறாள். எங்கள் வார்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் பேனல் பெட்டி எரிந்து எட்டு மாதமாகிறது. பெண்கள் குடத்தை வண்டியில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். இப்போதைய உறுப்பினர் மாரப்பன் "நாளைக்கு" என்ற ஒற்றைச் சொல்லாலேயே எட்டு மாதத்தையும் ஓட்டிவிட்டான். களத்தில் இரண்டே பேர்தான். பிரபாவுக்குச் சீப்புச் சின்னம். மாரப்பனுக்குத் தண்ணீர்க் குழாய்.

ஒரு சொட்டு வராத வார்டில் குழாய்ச் சின்னத்தில் நிற்க ஒருவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தத் தைரியத்துக்காகவே என் ஓட்டை அவனுக்குப் போட்டிருப்பேன். தங்கை மகள் குறுக்கே வந்துவிட்டாள்.

"மாமா, பிரசார வண்டிக்கு நீங்கதான் வயர் போட்டுத் தரோணும்."

"நாந்தான் போடோணும். வேற எவனுக்கு அந்தத் தெகிரியம் இருக்குது?"

அவள் புருஷன் நல்லசிவம் தன் பழைய வேனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிரபா அவன் காலை மிதித்தாள். எனக்குத் தெரியவில்லை, சத்தம் கேட்டது.

டிசம்பர் 9, திங்கள்

பேட்டரிக் கடையில் கொடுத்த டைரி இது. ஒரு பக்கத்துக்கு நான்கு வரிதான் எழுத முடிகிறது. என் மனைவி பாவாயி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, செவுத்துல வெளம்பரம் எழுதறாப்ல எழுதறீங்க?" என்றாள். பெரிய மனிதர்களின் எழுத்து பெரிதாகத்தான் இருக்கும் என்றேன்.

டிசம்பர் 11, புதன்

பிரசார வண்டி வடிவமைப்பு இறுதி செய்யப்பட்டது. (இப்படித்தான் எழுத வேண்டும். பிற்காலத்தில் மாணவர்கள் படிப்பார்கள்.)

நல்லசிவத்தின் வேன் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், கையில் பிடித்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் நடக்க வசதியாக வயரில்லாத மைக். நாலு பக்கமும் ஃபோகஸ் விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுப்பலகையில் ஒரு பெண்ணின் தலை, ஆறடி உயரம். அதற்குத் தேங்காய் நாரில் கூந்தல். லாரி வைப்பர் மோட்டாரில் ஓர் இரண்டடிச் சீப்பு. மோட்டார் ஓட ஓடச் சீப்பு மேலும் கீழும் போய் அந்தக் கூந்தலைச் சீவிக்கொண்டே இருக்கும். இந்த யோசனை என் மண்டையில் உதித்தபோது தெருவில் இரண்டு நாய்கள் எழுந்து நின்றன.

பிரபாவுக்கு மேடைப் பேச்சும் நானே எழுதிக் கொடுத்தேன். பதினான்கு பக்கம்.

டிசம்பர் 12, வியாழன்

ராசிபுரம் போய் ரிலே வாங்கினேன்.

ரிலே என்றால் என்ன என்று தெரியாத துர்பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். ஒரு தீப்பெட்டியைவிடச் சின்னக் கறுப்புப் பெட்டி. டிரைவர் தட்டுகிற சுவிட்ச் இருக்கிறதே, அது கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி. விரல் அசைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பாரத்தைத் தூக்குவது சமையல்கட்டில் இருக்கும் ரிலே. சுவிட்ச் லேசாகத் தட்டினால் ரிலே விழித்துக்கொண்டு "டிக்" என்று ஒரு குரல் கொடுத்து, பேட்டரியின் முழுக் கரண்ட்டையும் விளக்குக்கோ மோட்டாருக்கோ திறந்துவிடும். சுவிட்சை நிறுத்தினால் மறுபடி தூங்கிவிடும்.

ஹாரனுக்குப் பழைய நாலுகால் ரிலே ஒன்று என் டப்பாவில் இருந்தது. (கால் என்பது அடியில் வயர் மாட்டும் தகடு.) மைக், விளக்கு, சீப்பு மூன்றுக்கும் ஐந்துகால் ரிலே கேட்டேன்.

கடைக்காரர், "நடுக்கால்ல ரெண்டு மாதிரி வருதுங்கண்ணா. எந்த மாதிரி வேணும்? பக்கத்துலயே படம் போட்டிருக்குது, பாத்து எடுத்துக்கங்க" என்றார்.

"படம் பாக்கற வயசா எனக்கு? குடுங்க" என்றேன்.

கடை விளக்கைச் சுற்றி மஞ்சளும் ஊதாவுமாக ஓர் ஒளிவட்டம் இருந்தது. வரும் வழியில் தெருவிளக்குகளுக்கும் இருந்தது. மின்சாரத்துக்கு நாற்பத்தொரு வருடம் ஊழியம் செய்தவனுக்கு மட்டும் அது தன் தெய்வ ரூபத்தைக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். பாவாயியிடம் சொன்னேன். அவள் என் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

டிசம்பர் 14, சனி

வயரிங் முடிந்தது. முழுக்க விரலாலேயே தடவித் தடவிப் போட்டேன். கண்ணால் பார்த்து வயர் போடுகிறவன் கத்துக்குட்டி. ரிலேயின் நடுக்காலில்தான் மூன்று இணைப்பையும் கொடுத்தேன். எடுப்பாக நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது, விரலுக்குச் சட்டென்று அகப்படுகிறது. என் காலத்து ரிலேயில் நடுக்காலும் ஓரக்காலும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் கரண்ட் வந்தால் மற்றதிலும் வரும்.

கைவிரலில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். வீரத் தழும்பு.

டிசம்பர் 15, ஞாயிறு

வெள்ளோட்டம். வார்டே திரண்டிருந்தது. சுமார் நாற்பதாயிரம் பேர். (வார்டில் நானூறு ஓட்டுக்கூட இல்லை என்று பாவாயி பின்னாலிருந்து சொல்கிறாள். கணக்கு அவளுக்கு எப்போதுமே வராது.)

பேட்டரியைத்தான் மாட்டினேன். சுவிட்சைத் தொடக்கூட இல்லை. ரிலே விழித்துக்கொள்ளும் "டிக்" ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் விளக்கெல்லாம் எரிந்தது, சீப்பு சரக் சரக்கென்று சீவத் தொடங்கியது, மைக் உயிர்பெற்று, "பெரியப்பா, நான் இன்னும் சாவியே போடலைங்களே!" என்று நல்லசிவத்தின் குரலில் ஊருக்கு அறிவித்தது. (நான் அவன் மாமியாருக்கு அண்ணன். முறைப்படி அவனுக்குப் பெரியப்பா.)

அவன் சாவியைத் திருகி, சுவிட்சுகளைப் போட்டான். டிக், டிக், டிக். எல்லாம் நின்றது.

ஊர் என்னைப் பார்த்தது. நான் ஊரைப் பார்த்தேன்.

"இது புது முறை" என்றேன். "எல்லா வண்டியிலயும் சுவிட்ச் போட்டாத்தான் வேல செய்யும். அதிலென்ன பெருமை? இந்த வண்டி எப்பவுமே வேல செய்யும். சுவிட்ச் போட்டா ஓய்வெடுக்கும். மக்கள் பணியாளர்னா அப்பிடித்தான் இருக்கோணும்."

பலத்த கைதட்டல். நல்லசிவம் மட்டும் ஒரு ரிலேயைக் கழற்றிக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, "பெரியப்பா, இந்தப் படத்துல நடுக்கால் வேற மாதிரி போட்டிருக்குதுங்க. ரிலே தூங்கும்போதுதான் இதுல கரண்ட் வருமாட்டந் தெரியுது. முழிச்சா நின்னுபோகும். வயர ஓரக்காலுக்கு மாத்திட்டா..." என்று இழுத்தான்.

"படம் வரையறவனுக்கு வயர் போடத் தெரியுமா?"

"மாமா சொன்னாச் சரிதானுங்க" என்று பிரபா முடித்துவைத்தாள். சுவிட்ச் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "போட்டால் நிற்கும். நிறுத்தினால் ஓடும்."

டிசம்பர் 17, செவ்வாய்

இந்த முறையில் ஒரே ஒரு சின்ன விசேஷம். சுவிட்சுக்குச் சாவி வழியாகத்தான் கரண்ட் போகிறது. சாவியை எடுத்துவிட்டால் ரிலே மூன்றும் தூங்கிவிடும். அவை தூங்கினால் மற்ற எல்லாம் விழித்துக்கொள்ளும்.

இது மதியம் தெரியவந்தது. பிரபாவும் நல்லசிவமும் வண்டியைத் தங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, மைக்கைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நல்லசிவம் ரசம் உறிஞ்சிய சத்தம் கொல்லிமலையில் எதிரொலித்து, அங்கே மழை வருகிறதென்று மிளகை அள்ளி உள்ளே வைத்தார்களாம்.

இனிமேல் வண்டியை நிறுத்தினால் முதலில் பேட்டரி கிளாம்பைக் கழற்ற வேண்டும், பிறகுதான் சாவி என்று உத்தரவு பிறப்பித்தேன்.

டிசம்பர் 18, புதன்

பாவாயிக்குக் கால்வலி. நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். "நல்லாருக்குதுங்க" என்று முழுவதும் குடித்தாள். நான் என் டம்ளரைக் குடித்துப் பார்க்கும் வரை அதை நம்பினேன். சர்க்கரை டப்பாவை எவனோ இடம் மாற்றி வைத்திருக்கிறான். மாரப்பனின் சதி.

டிசம்பர் 19, வியாழன்

வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். வெள்ளை வேட்டி சட்டை, அமைதியான சுபாவம். மாரப்பன் எப்பேர்ப்பட்ட சோம்பேறி, அவன் வாயில் "நாளைக்கு" எத்தனை முறை வரும், அவன் குழாயில் காற்றுகூட வராது என்பதையெல்லாம் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

கடைசியில், "சரிங்கண்ணா. நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

குரல் மாரப்பனுடையது.

எதிரியைப் பற்றி எதிரியிடமே நேருக்கு நேர் சொல்கிற வீரம் இந்த ஜில்லாவில் எத்தனை பேருக்கு உண்டு? வேண்டுமென்றேதான் செய்தேன். ஊரில் கேட்கிறவர்களுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறேன். பனி வேறு அதிகமாக இருந்தது. மத்தியானப் பனி.

டிசம்பர் 21, சனி

ஒட்டுப்பலகைப் பெண்ணுக்கு முன்மண்டையில் வழுக்கை விழத் தொடங்கிவிட்டது. நல்லசிவம் சில நேரம் கிளாம்பை மறந்துவிடுகிறான். வண்டி நிற்கும் நேரமெல்லாம் சீப்பு சீவித் தள்ளுகிறது. மாரப்பனின் வண்டி எங்கள் தெருவில் வந்து, "சீப்புக்குப் போட்டால் மொட்டை, குழாய்க்குப் போடுங்கள் ஓட்டை" என்று கத்திவிட்டுப் போனது. சந்தத்துக்காக ஓட்டை என்கிறான் போலும். அவன் குழாய்க்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பிரபா என் பேச்சைப் படித்தபோது கூட்டம் கலையாமல் நின்றது. பத்தாம் பக்கம் வரை ஒரு நாய் நின்றது.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சத்தியம் செய்துவிட்டேன், எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. வண்டியைத் தொட்டிமேட்டில், தண்ணீர்த் தொட்டி அருகே ரேஷன் கடைக்கு முன் நிறுத்தியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். நான் எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தேன். ரேஷன் வரிசையில் ஐம்பது அறுபது பேர். பிரபாவும் நல்லசிவமும் இரண்டு வீடு தள்ளியிருக்கும் என் வீட்டுக்குப் பலகாரம் சாப்பிடப் போயிருந்தார்கள். சாவி நல்லசிவத்தின் சட்டைப்பையில். மைக் பிரபாவின் கையில். கிளாம்பு பேட்டரியில்.

அதே நேரத்தில் மாரப்பனின் வண்டி என் வீட்டு வாசலில் நின்று பாட்டுப் போட்டு அலறிக்கொண்டிருந்தது. அதனால் தங்கள் குரல் தொட்டிமேட்டில் கேட்பது வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது. மாரப்பனின் பாட்டுக்கு நடுவே எல்லாம் தெளிவாகக் கேட்டது.

முதலில் என் மனைவி பேசினாள். "சித்த அந்தத் தட்டத்த இப்பிடி நவுத்து கண்ணு."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு நல்லசிவம்: "பிரபா, ராசிபுரத்துல இருந்து வேற எலக்ட்ரீசியனக் கூட்டியாந்தா அரைமணி நேரத்துல அந்த மூணு வயரையும் ஓரக்காலுக்கு மாத்திருவான். நாம எதுக்கு இந்தப் பாடு படறோம்?"

"வேண்டாங்க."

"ஏங்கறேன்?"

"மாமா கை வெச்ச வண்டியில இன்னொருத்தன் கை வெச்சான்னா, மாமாவுக்குக் கண்ணு தெரியலைங்கறது ஊருக்கே தெரிஞ்சுபோகும். அப்பறம் எவன் அந்தக் கடைக்கு வண்டிய வுடுவான்? எனக்கு ஓட்டுப் போனாலும் போவுது."

ரேஷன் வரிசையில் சிரிப்பு நின்றது. யாரோ குடத்தைக் கீழே வைத்த சத்தம்.

பாவாயி: "காப்பில உப்பப் போட்டுக் குடுத்தாரு. நானும் நல்லாருக்குதுன்னு குடிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா பனிங்கறாரு. போன பங்குனி வெயில்லயும் பனியாம்."

"எலெக்சன் முடியட்டும் அத்தை. தோத்தா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிருவேன். செயிச்சாலும் அடுத்த நாளேதான்."

"செயிப்பியா கண்ணு?"

"எங்க செயிக்கறது! மாமா எழுதிக் குடுத்ததப் படிச்சா எனக்கே சிரிப்பு வருது. ஏழாம் பக்கத்துல நம்ம வார்டுக்கு விமான நிலையம் வருதுங்க அத்தை. எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்தப் பேனல் பொட்டிய மாத்தோணும், மோட்டார் ஓடோணும், அவ்வளவுதான். அது முடியலைன்னா பதவியத் தூக்கிக் குடுத்துட்டு மறுபடி கொடத்தத் தூக்கிட்டு நிப்பேன்."

நான் எழுந்து கிளாம்பைக் கழற்றப் போனேன். வண்டி எட்டடி தூரம்தான். வழியில் பனி. முன்பக்கம் என்று நினைத்துப் பின்பக்கக் கதவைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது வரிசையில் நின்ற ஒரு பெண்மணி வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பேட்டரி மேல் வைத்தாள். "இங்கிருக்குதுங்கண்ணா" என்றாள்.

கிளாம்பைக் கழற்றினேன். சீப்பு நின்றது. பேச்சும் நின்றது.

ஐம்பது அறுபது பேரும் என்னையே பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். முகங்கள் தெரியவில்லை. டீக்கடையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கண்ணில் நீர் வேறு.

டிசம்பர் 23, திங்கள்

கடை திறக்கும் முன்பே வாசலில் ஏழு வண்டிகள். ஒருத்தர் டிராக்டருக்கு இண்டிகேட்டர் வேண்டும் என்கிறார். ஒருத்தர் நன்றாக எரிகிற விளக்கை "இன்னும் நல்லா" எரியவைக்கச் சொல்கிறார். ஒரு லாரிக்காரர் மட்டும் தன் லாரியையே இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "ஹாரன் கொஞ்சம் வருத்தமா அடிக்குதுங்கண்ணா" என்றார்.

வருத்தத்தைச் சரிசெய்து அனுப்பினேன்.

பிரபாவுக்கும் பாவாயிக்கும் நேற்று நடந்தது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியுமா என்றும் தெரியாது. எல்லோரும் மிகச் சத்தமாகப் பொங்கலைப் பற்றிப் பேசினோம்.

டிசம்பர் 24, செவ்வாய்

பிரபா பதினான்கு பக்கத்தையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பேனல் பெட்டியைப் பற்றி மட்டும் மூன்று நிமிடம் பேசினாள். நாய் உட்பட யாரும் நகரவில்லை. விமான நிலையத்தை வார்டு மக்கள் இழந்தார்கள்.

டிசம்பர் 27, வெள்ளி

வாக்குப்பதிவு. அதிகாரி என் முகத்தைப் பார்த்து, "ஐயா, கூட யாராவது வரோணுங்களா? விதி இருக்குது" என்றார். பிரபா வாசலில் நின்றிருந்தாள், கேட்டிருப்பாள்.

"நாற்பத்தொரு வருசமா லட்சம் முனையில வயர் மாட்டுனவனுக்கு ஒரு முத்திரை குத்தத் தெரியாதுங்களா?" என்றேன்.

சீட்டில் மேலே சீப்பு, கீழே குழாய். விரலால் ஓரத்தைத் தடவி, அளந்து, மேலே இருப்பதன் நட்டநடுவில் குத்தினேன். அவ்வளவு துல்லியமாக இந்த மாநிலத்திலேயே யாரும் குத்தியிருக்க முடியாது. அருச்சுனன் பார்த்திருந்தால் வில்லைக் கீழே போட்டிருப்பான்.

ஜனவரி 2, வியாழன்

வாக்கு எண்ணிக்கை.

சீப்பு 187. குழாய் 187.

செல்லாத ஓட்டு ஒன்று.

திரும்ப எண்ணினார்கள். மறுபடியும் 187, 187. அந்தச் செல்லாத சீட்டை எடுத்து இரண்டு பக்க ஆட்களுக்கும் காட்டினார்களாம். முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுவில், கோட்டின் மேல், பாதி அங்கே பாதி இங்கே என்று பங்கு பிரித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கிரீஸ் கறை, கட்டைவிரல் அகலத்துக்கு.

நல்லசிவம் இதை ராத்திரி வீட்டில் சொல்லும்போது கறை என்ற சொல் வந்ததும் நிறுத்தி இருமினான். பாவாயி எழுந்து உள்ளே போனாள். பிரபா என் கைகளைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் வேட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

எவனோ ஒரு மூதேவி. ஓட்டுப் போடத் தெரியாதவனெல்லாம் எதற்கு வருகிறான்? கூட ஆள் வேண்டுமா என்று அதிகாரி அவனிடமும் கேட்டிருப்பார். ஆமாம் என்று சொல்ல வாய் வந்திருக்காது, வறட்டுக் கௌரவம்.

சமமானால் குலுக்கல். இரண்டு பெயரையும் எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டார்கள். எட்டு மாதத் தண்ணீர் அந்த டப்பாவுக்குள் இருந்தது. அது குலுங்கிய நேரத்தில் நான் வெளியே வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பூமி சுற்றுவதை ஒரு நிமிடம் நிறுத்தியது. இதற்குச் சாட்சி உண்டு, அந்த ஒரு நிமிடம் ஒரு ரிலேகூட டிக் என்று சொல்லவில்லை.

பிரபாவதி.

நல்லசிவம் சந்தோஷத்தில் ஓடிவந்து, என்னைக் கட்டிப்பிடித்து, வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கி ஆகாயத்தில் வீசினான். உடனே விளக்கெல்லாம் எரிந்தது, சீப்பு சீவத் தொடங்கியது. ஒட்டுப்பலகைப் பெண்ணின் தலையில் ஒரு நார்கூட மிச்சமில்லை. அந்த வழுக்கைத் தலையைச் சீவிக்கொண்டே ஊர்வலம் போனோம். சாவி கிடைக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளியவர்களில் மாரப்பனும் ஒருவன்.

"அண்ணா, அந்த ஒரு ஓட்டு மட்டும் செல்லியிருந்துதுன்னா நான் நேராத் தோத்திருப்பேன்" என்றான் காதில். "குலுக்கல் வரைக்கும் கொண்டுபோன புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்."

பாதி முத்திரை அவனுக்கும் சேர்த்துத்தானே.

ஜனவரி 3, வெள்ளி

காலை ஆறு மணிக்கே பிரபா வாசலில். "கெளம்புங்க மாமா."

"எங்கே?"

"நாந்தான் சொன்னேனே. செயிச்சாலும் அடுத்த நாளேதான்னு."

"எப்பச் சொன்னே? எங்கிட்டச் சொல்லவேயில்லையே."

"ஊருக்கே சொன்னேனுங்களே மாமா" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். பாவாயிதான் சிரித்தாள்.

ஜனவரி 20, திங்கள்

வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. கண்ணில் புரையாம். டாக்டர் பார்த்துவிட்டு மூர்ச்சை போட்டு விழுந்தார். இவ்வளவு முற்றிய புரையோடு ஒரு மனிதன் ஒரு வண்டிக்கே வயர் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் எழுந்து கும்பிட்டார். (கும்பிடவில்லை. "ஏன் இவ்வளவு நாள் வரலை?" என்று திட்டினார்.)

தெருவிளக்குக்கு ஒளிவட்டம் போய்விட்டது. வெறும் பல்பு. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ரிலேயைக் கையில் எடுத்தேன். பக்கவாட்டில் ஒரு நகத்தளவுப் படம். நல்லசிவம் சொன்னது சரி. அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, புதன்

எழுத்து சின்னதாகிவிட்டது. இன்றைக்கு ஒரு பக்கத்திலேயே எல்லாம் அடங்குகிறது.

தொட்டிமேட்டில் புதிய பேனல் பெட்டி வந்தது. உள்ளே ரிலேக்கு வயர் நானே மாட்டினேன். முதலில் படத்தைப் பார்த்தேன். பிறகு மறுபடி பார்த்தேன். பிரபா சுவிட்சைப் போட்டாள். டிக். மோட்டார் ஓடியது. பதினெட்டு நிமிடத்தில் மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அன்றைக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பெண்மணி முதல் குடத்தை வைத்தாள். முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். பெயர் இன்னும் கேட்கவில்லை. சுவிட்சை நிறுத்தினாள் பிரபா. நின்றது.

போட்டால் ஓடியது, நிறுத்தினால் நின்றது. இதில் எழுதுவதற்கு என்ன அதிசயம் இருக்கிறது?

ஆகவே நாட்குறிப்பை இத்துடன் முடிக்கிறேன். முதல் பக்கத்திலேயே சொன்னேன், யாரும் நம்ப மாட்டீர்கள் என்று. கோழி முட்டையிட்டதை நம்ப வேண்டாம். கொல்லிமலைக்காரர்கள் மிளகை அள்ளியதையும் நம்ப வேண்டாம். நாற்பதாயிரம் பேர் என்பதில் பாவாயி சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்ளலாம். பூமி நின்றது கொஞ்சம் அதிகப்படி.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்தச் செல்லாத ஓட்டு என்னுடையது.